அம்மாவுக்கு ஜன்னல் சீட் வேண்டாம்

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் பெற்றோருக்கு டிக்கெட் எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. தேதி பார்ப்பார்கள், விலை பார்ப்பார்கள், எத்தனை பெட்டிக்கு அனுமதி என்று பார்ப்பார்கள், நடுவில் விமானம் மாற நேரம் போதுமா என்று பார்ப்பார்கள், சக்கர நாற்காலிக்குச் சொல்லிவைப்பார்கள். இருக்கை மட்டும் யார் கணக்கிலும் வராது. வந்தாலும் கடைசியில், பணம் கட்டும் நேரத்தில், கண்ணில் பட்ட ஏதோ ஒன்றைப் போட்டுவிடுவார்கள். ஏறத்தாழ பதினாறு மணி நேரம் அந்த அம்மாவோ அப்பாவோ அந்த ஓர் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கப் போகிறார் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. சென்னையிலிருந்து வளைகுடா வழியாகச் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தனியாகப் போன எனக்கு அந்த இருக்கையால் என்ன நேர்ந்தது என்பதை எழுதுகிறேன். எனக்கு முன்னால் போய்வந்த எத்தனையோ பேரிடம் விசாரித்தேன். ஊறுகாய் கொண்டு போகலாமா, குடியேற்ற அதிகாரி என்ன கேட்பார், கம்பளி எவ்வளவு வேண்டும் என்றெல்லாம் அன்போடு சொன்னார்கள். இதை ஒருவரும் சொல்லவில்லை.

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரையில் சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. மகளுக்கு முதல் பிரசவம். அவள்தான் நிறைமாதத்தில் உட்கார்ந்து எனக்கு டிக்கெட் எடுத்தாள். "அம்மா, தனியாகப் பணம் கட்டி உனக்கு ஜன்னல் சீட் போட்டிருக்கிறேன், வேடிக்கை பார்த்துக்கொண்டே வா" என்று தொலைபேசியில் சொன்னபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அந்த இருக்கைக்கு மட்டும் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். பஸ்ஸிலும் ரயிலிலும் ஜன்னல் ஓரத்துக்குத் துண்டு போட்டு இடம் பிடித்து வளர்ந்தவர்கள் நாம். ஜன்னல் கிடைத்தால் பயணமே நல்லபடி அமைந்துவிட்டதாக மனம் சொல்லும். விமானத்தில் அந்த ஜன்னலைத் திறக்க முடியாது, காற்று வராது. இவ்வளவு நீண்ட பயணத்தில் வேடிக்கையும் கிடையாது. சாப்பாடு கொடுத்து முடித்ததும் ஜன்னல் மறைப்புகளை இறக்கச் சொல்லி விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். பயணத்தின் பெரும்பகுதி இருட்டிலேயே கழிகிறது.

சென்னையிலிருந்து வளைகுடா வரைக்கும் நான்கு மணி நேரம் சிரமமில்லாமல் போயிற்று. அடுத்தது போயிங் 777. ஒரு வரிசையில் மூன்று, நான்கு, மூன்று என்று பத்து இருக்கைகள். நான் பின்பக்கமாக, சுவரோடு சுவராக. பக்கத்தில் இரண்டு இளைஞர்கள், மேற்படிப்புக்குப் போகிறவர்கள், நல்ல பிள்ளைகள்தான். என் பையை மேலே தூக்கி வைத்தவர்களே அவர்கள்தான். முதல் நாள் இரவும் தூங்காமல் வந்திருப்பார்கள் போலிருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் ஓரத்தில் இருந்தவர் கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு சாய்ந்துவிட்டார். நடுவில் இருந்தவர் முன் இருக்கையின் தட்டை இறக்கி, அதன்மேல் போர்வையைச் சுருட்டி வைத்து, அதில் தலையைக் கவிழ்த்துத் தூங்கிவிட்டார். எனக்கு முன்னால் இருந்தவரும் இருக்கையைச் சாய்த்துவிட்டார். எனக்கும் நடைவழிக்கும் நடுவில் இரண்டு ஜோடி முழங்கால், ஒரு தட்டு, தரையில் விழுந்து கிடந்த போர்வை, அதற்குள் சிக்கிய ஹெட்போன் கயிறு. என் முழங்காலோடு அதைத் தாண்டிப் போக வழியே இல்லை. இரண்டு பேரையும் எழுப்பி, இரண்டு பேரும் நடைவழிக்கு வந்து நின்றால்தான் நான் வெளியே வர முடியும்.

ஒரு முறை எழுப்பினேன். முகம் சுளிக்காமல் எழுந்து நின்றார்கள். இரண்டாம் முறை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. என் வயதுப் பெண்களுக்கு இது புரியும். கழிப்பறை இல்லாத பஸ் நிலையங்களை நம்பி வெளியூர் போனவர்கள் நாங்கள். புறப்படும் முன்பு தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், போய்ச் சேரும்வரை அடக்கிக்கொள்வதும் சின்ன வயதிலேயே பழகிப்போனது. அந்தப் பழக்கம் அங்கேயும் தானாகவே வந்து நின்றது. பணிப்பெண் தட்டில் தண்ணீர் கொண்டுவரும்போதெல்லாம் வேண்டாம் என்று தலையசைத்தேன். திரையில் விமானத்தின் படம் வட துருவத்தை ஒட்டி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. இன்னும் எத்தனை மணி நேரம் என்று அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு, அடிவயிறு வலிக்க, காலை அசைக்க இடமில்லாமல், சுவரில் சாய்ந்து அழுதேன். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் இருபது விழுக்காட்டுக்கும் கீழே இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. உதடு வெடித்திருந்தது. இறங்கும்போது செருப்புக்குள் கால் நுழையவில்லை.

போய்ச் சேர்ந்த மறுநாளே எரிச்சல், அதற்குப் பின்னால் குளிர் காய்ச்சல். மகள் அப்போது மருத்துவமனையில். மாப்பிள்ளைதான் என்னை அவசர சிகிச்சை மையத்துக்கு அழைத்துப் போனார். சிறுநீர்த் தொற்று. நீண்ட நேரம் தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் இருந்தது காரணமாக இருக்கும் என்றார் மருத்துவர். பயணக் காப்பீடு எடுத்திருந்தோம். ஆனால் அதில் முதல் 250 டாலரை நாம்தான் கட்ட வேண்டும். பணத்தைக்கூட விடுங்கள். பச்சைக் குழந்தையோடு மகள் வீட்டுக்கு வந்தபோது நான் அடுத்த அறையில் காய்ச்சலோடு படுத்திருந்தேன். பத்தியச் சாப்பாடு செய்யப் போன எனக்கு மாப்பிள்ளை கஞ்சி வைத்துக் கொடுத்தார். முதல் வாரத்தின் பெரும்பகுதி அப்படியே போனது. பேத்தியை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்ட அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் ஆறவில்லை.

அந்த மருத்துவர் என் இரண்டு காலையும் அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்ன ஒன்றை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். நீண்ட நேரம் உட்கார்ந்தால் இரண்டு காலும் சேர்ந்து வீங்குவது பெரும்பாலும் தானே வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதையில் வலியும் சூடும் இருந்தால் காத்திருக்கக் கூடாது. இரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு மணி நேரமும் அதற்கு மேலும் அசையாமல் பயணம் செய்கிறவர்களுக்கு இந்த ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்கிறது. அப்படியும் ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு என்ற அளவுதான், பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் எழுந்து நடக்க முடியாத இடத்தில் வயதானவரை உட்காரவைப்பது எவ்வளவு தவறான ஏற்பாடு என்று அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

திரும்பி வரும் பயணத்துக்கு நானே உட்கார்ந்து இருக்கை பார்த்தேன். மகள் கணினியைத் திறந்து கொடுத்தாள், மாப்பிள்ளை விமானங்களின் வரைபடங்களை எடுத்துக் காட்டினார். ஏரோலோபா என்ற இணையதளத்தில் பல நிறுவனங்களின் விமானங்களுக்கு உள்ளே இருக்கைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று அளவு மாறாமல் வரைந்து வைத்திருக்கிறார்கள். எந்த வரிசைக்கு ஜன்னல் இல்லை, கழிப்பறை எங்கே, சமையல் பகுதி எங்கே என்று எல்லாம் தெரிகிறது. ஆமாம், ஜன்னல் இருக்கை என்று விற்கப்படும் சில இடங்களில் ஜன்னலே இருக்காது. குளிரூட்டும் காற்றுக்குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் வெறும் பலகைதான். அதற்கும் அதே கட்டணம்.

எனக்கு மிகவும் பயன்பட்ட விஷயத்தை முதலில் சொல்கிறேன். நடைவழி இருக்கை என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. மூன்று, நான்கு, மூன்று என்ற அமைப்பில் ஓரத் தொகுதியின் நடைவழி இருக்கையில் உட்கார்ந்தால், உள்ளே இருக்கும் இரண்டு பேரும் உங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். நடுத் தொகுதியின் நான்கு இருக்கைகளில் அப்படி இல்லை. நடுவில் இருக்கும் இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விடுவார்கள். உங்களைத் தாண்டுகிறவர் ஒருவர்தான். மூன்று, மூன்று, மூன்று என்ற அமைப்பில் இன்னும் நல்லது: நடுவில் இருக்கும் அந்த ஒருவருக்கு இரண்டு பக்கமும் வழி. பத்து இருக்கை வரிசையில் பெரும்பாலும் நடுத் தொகுதியின் நடைவழி இருக்கைகளுக்கு டி, ஜி என்ற எழுத்துகள் இருக்கும். எழுத்தை மட்டும் நம்பாமல் வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள். முழங்கால் வலி, நீரிழிவு, நீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட் தொந்தரவு என்று அடிக்கடி எழுந்திருக்க வேண்டியவர்களுக்கு நடுத் தொகுதியின் நடைவழிதான் இடம். ஒரே மூச்சில் தூங்கிவிடக்கூடிய இளவயதுக்காரர்களுக்கு ஜன்னல் சரி. சாய்ந்துகொள்ளச் சுவர் இருக்கிறது, யாரும் எழுப்ப மாட்டார்கள்.

டிக்கெட் எடுக்கும் முன்பே எந்த விமானம் என்று பார்க்க வேண்டும் என்பதும் எனக்குப் புதிது. முன்பதிவுப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். போயிங் 777-இல் முன்பெல்லாம் பெரும்பாலும் வரிசைக்கு ஒன்பது இருக்கைதான். இப்போது பல நிறுவனங்கள் பத்து வைத்துவிட்டன, ஒவ்வோர் இருக்கையும் ஏறத்தாழ 17 அங்குல அகலம். ஏர்பஸ் ஏ350-இல் பெரும்பாலும் ஒன்பது இருக்கை, ஏறத்தாழ 18 அங்குலம். ஏ380-இன் கீழ்த்தளத்தில் பத்து இருக்கை இருந்தாலும் விமானமே அகலம் என்பதால் அங்கேயும் 18 அங்குலம் கிடைக்கும். ஓர் அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள், பக்கத்தில் இருப்பவரின் தோள் இரவு முழுக்கத் தங்கள் தோளில் அழுந்திக்கொண்டு வந்ததை அனுபவிக்காதவர்கள். ஏ330-இல் இரண்டு, நான்கு, இரண்டு என்ற அமைப்பு. கணவனும் மனைவியுமாகப் போகிறவர்களுக்கு ஓரத்து இரண்டு இருக்கைகள் வெகு பொருத்தம். 777-இலும் வால் பக்கம் உடல் குறுகுவதால் கடைசிச் சில வரிசைகளில் ஓரத்தில் மூன்றுக்குப் பதில் இரண்டே இருக்கை இருக்கும், சுவரை ஒட்டிக் கைப்பை வைக்கும் அளவுக்கு இடைவெளியும் இருக்கும். ஆனால் மிகக் கடைசி வரிசையைத் தவிர்த்துவிடுங்கள். பல விமானங்களில் அது சரியாகச் சாயாது, பின்னால் கழிப்பறையும் சமையல் பகுதியும் இருக்கும். கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்தால் வசதி என்று நினைத்து அடுத்த இருக்கையே எடுக்க வேண்டாம். கதவு திறக்கும்போதெல்லாம் வெளிச்சம் முகத்தில் அடிக்கும், வரிசையில் நிற்பவர்கள் உங்கள் இருக்கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நான்கைந்து வரிசை தள்ளி எடுங்கள். ஆட்டத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு இறக்கைக்கு நேரான இடம் நல்லது. வால் பக்கம்தான் குலுக்கல் அதிகம் தெரியும்.

கால் நீட்ட இடம் என்று கூடுதல் கட்டணத்துக்கு விற்கும் முன்வரிசைகளைப் பற்றி என் மகளும் யோசித்தாள். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தடுப்புச் சுவருக்கு எதிரில் இருக்கும் வரிசையில் தட்டும் திரையும் கைப்பிடிக்குள் மடிந்திருக்கும். அதனால் கைப்பிடியைத் தூக்க முடியாது, உட்காரும் அகலமும் சற்றுக் குறையும். ஏறும்போதும் இறங்கும்போதும் கைப்பையைக் காலடியில் வைக்க விடமாட்டார்கள். மாத்திரை, கண்ணாடி எல்லாம் மேலே போய்விடும். கைக்குழந்தைகளுக்கான தொட்டிலை மாட்டுவதும் அந்தச் சுவரில்தான். அவசர வழிக் கதவுக்கு அருகில் உள்ள வரிசையில் இடம் தாராளம், உயரமானவர்களுக்கு அருமையான இருக்கை. ஆனால் ஆபத்து நேரத்தில் கதவைத் திறந்து உதவக்கூடிய உடல்திறன் உள்ளவர்களுக்கு மட்டுமே அதைத் தருவார்கள். நம் வீடுகளில் மொழி தெரியாத பெற்றோருக்குத் துணையாக இருக்கட்டும் என்றே சக்கர நாற்காலி பதிவு செய்கிறோம். அப்படிப் பதிவு செய்தவருக்கு அந்த வரிசை கிடைக்காது. முன்கூட்டிப் பணம் கட்டியிருந்தாலும் விமான நிலையத்தில் மாற்றிவிடுவார்கள்.

எனக்கு நடுத் தொகுதியில் டி இருக்கை கிடைத்தது, 60 டாலர் கட்டினோம். சில வாரம் கழித்து மகள் தற்செயலாக முன்பதிவைத் திறந்து பார்த்தால், என் பெயர் நடு இருக்கையில் இருக்கிறது! விமான வகையை மாற்றியிருக்கிறார்கள், கணினி எல்லோரையும் தன் போக்கில் இடம் மாற்றிவிட்டது. ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை. எனக்கு அந்த இருட்டும் அந்தச் சுவரும் ஞாபகம் வந்து கை நடுங்கியது. மகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே நிறுவனத்தோடு தொலைபேசியில் நெடுநேரம் பேசினாள். ஜி இருக்கையை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வைத்தாள். ஆகவே இருக்கை போட்டாயிற்று என்று இருந்துவிடாமல் அவ்வப்போது திறந்து பாருங்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பும், முந்தைய நாளும் கட்டாயம். பணம் கட்டிய ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்கு வரும், அங்கிருந்து போகும் விமானங்களில், பணம் கட்டிய இருக்கையைத் தராவிட்டால் அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 2024-இல் விதி கொண்டுவந்திருக்கிறது. ஒரு நிறுவனத்தில் டிக்கெட் வாங்கி அதன் கூட்டாளி நிறுவனத்தின் விமானத்தில் பறப்பதாக இருந்தால், பறக்கும் நிறுவனத்துக்குத் தனி பிஎன்ஆர் எண் இருக்கலாம். அதைக் கேட்டு வாங்கி, அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கையைப் பாருங்கள். பயண முகவர் "சொல்லிவிட்டேன்" என்பது போதாது.

கூடுதல் பணம் கட்ட வசதியில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மிகக் குறைந்த கட்டண டிக்கெட்டுகளில் இலவசமாக இருக்கை எடுக்கும் வாய்ப்பு இணையவழி செக்-இன் தொடங்கும்போதுதான் வரும். நிறுவனத்தைப் பொறுத்து 48 மணி நேரமோ 24 மணி நேரமோ முன்பு. அந்த நிமிடமே எடுத்தால் நடைவழி கிடைக்கலாம். இரண்டு மணி நேரம் தாமதித்தால் நடு இருக்கைகள்தான் மிஞ்சும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், சென்னைப் புறப்பாட்டு நேரத்தைத் தங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றி அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் கிடைக்காவிட்டால் விமான நிலையக் கவுன்ட்டரில் மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டிக் கேட்கலாம். வாய் திறந்து கேட்பவர்களுக்குப் பல நேரம் மாற்றிக் கொடுக்கிறார்கள். சைவ உணவையும் அப்போதே சரிபாருங்கள். இந்திய சைவத்துக்கு 'ஏஷியன் வெஜிடேரியன்' என்று குறைந்தது 24 மணி நேரம் முன்பு பதிவு செய்திருந்தால், தனி உணவுக்காரர்களுக்கு முதலில் கொடுக்கும்போது உங்களுக்கும் வந்துவிடும். வண்டி கடைசி வரிசைக்கு வரும்போது சைவம் தீர்ந்துபோவது உண்டு.

திரும்பி வந்த இரவில் எனக்கு ஒரு பணிப்பெண் காட்டிக்கொடுத்தது மறக்காது. நான் எழுந்திருக்கத் தடுமாறுவதைப் பார்த்து, நடைவழிப் பக்கக் கைப்பிடியின் அடியில், அது இருக்கையோடு சேரும் மூட்டுக்குப் பக்கத்தில், என் விரலைப் பிடித்து வைத்தார். கண்ணுக்குத் தெரியாத சின்னப் பொத்தான். அமுக்கியதும் கைப்பிடி மேலே எழும்பியது. காலை அப்படியே பக்கவாட்டில் திருப்பி நடைவழியில் ஊன்றி, முழங்காலை மடக்காமல் எழுந்துவிட்டேன். எல்லா விமானத்திலும் இருக்காது, ஆனால் பலவற்றில் இருக்கிறது. ஏறியதும் தடவிப் பாருங்கள். தண்ணீர் கேட்டுக் கேட்டுக் குடித்தேன். நினைத்தபோதெல்லாம் எழுந்து சமையல் பகுதி வரை நடந்தேன். நீர் பிரியும் மாத்திரையைப் பயண நாளில் எந்த நேரத்தில் போட்டுக்கொள்வது என்று புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டு வைத்திருந்தேன். அவர் சொல்லாமல் நாமாக மாத்திரையை நிறுத்தவோ நேரம் மாற்றவோ கூடாது. சென்னையில் இறங்கும்போது செருப்பு காலில் ஏறியது.

அடுத்து சம்பந்தி ஐயா போகிறார். மாப்பிள்ளை தன் அப்பாவுக்குத் தொலைபேசி போட்டு, தேதியைக் கேட்பதற்கு முன்பு, "அப்பா, இரவில் எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாராம். அவர் முதலில் பேச்சை மாற்றப் பார்த்தார், பிறகு சொன்னார். நடுத் தொகுதியில் நடைவழி இருக்கை போட்டாயிற்று.